பிள்ளையோடு ஒரு வைகாசிப் பயணம்

காலபோக நெல்லு வெட்டி, சூடடித்து, மூட்டைகள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வன்னியில் கோயில்களுக்கும் கூத்துகளுக்கும் காலம் பிறக்கிறது. பங்குனி உத்திரத்தன்று புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல். அதன் பிறகு சித்திரை, வைகாசி, ஆனி என்று ஏதாவது ஓர் ஊரிலிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்துகொண்டே இருக்கும். பகலில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில். பொழுதுபட்டால் சோளகக் காற்று வயல்வெளி தாண்டி வரும். கோயில் வீதி மணல் மெல்ல ஆறும். வீட்டுக்குள் புழுங்கிக் கிடக்க யாருக்கு மனம் வரும்? பாயைச் சுருட்டி, சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணியும் ஊற்றி எடுத்துக்கொண்டு சனம் வெளிக்கிட்டுவிடும்.

அப்படி வெளிக்கிடும்போது, நடக்கவும் ஓடவும் தெரிந்த, ஆனால் சொல்வழி கேட்கத் தெரியாத வயதுப் பிள்ளையை என்ன செய்வது? எங்கள் வயதுத் தாய்மார் சந்தித்தால் இந்தக் கேள்வி கட்டாயம் வரும். "அதுக்கு என்ன விளங்கப் போகுது, வீட்டில ஆரிட்டையும் விட்டிட்டுப் போங்கோ" என்பார் ஒருவர். "இடையில எழும்பி அழுதால் பக்கத்தில இருக்கிற சனத்துக்கும் கரைச்சல்" என்பார் இன்னொருவர். என் மகளுக்கு இரண்டரை வயது. போன வைகாசியில் அவளையும் தூக்கிக்கொண்டு கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுப் பக்கம் போய், கூத்தும் பொங்கலும் மேளக்கச்சேரியும் திறந்தவெளிப் படமும் பார்த்துத் திரும்பினோம். பிள்ளைகளை இந்த இரவுகளுக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று நான் நம்புகிறேன். அவர்களுக்கு ஏற்றபடி இந்த இரவுகளை நாங்கள் கொஞ்சம் திருத்திக்கொள்ளவும் வேண்டும். அந்த இரண்டையும் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

நானும் இவரும் அம்மாவும் மகளும் ஒரு சின்ன வானில் விடியக் காலையில் புறப்பட்டோம். கிளிநொச்சியிலிருந்து தெற்கே போகும் ஏ-9 வீதியில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல், குறைந்தது இறங்கி ஒரு கும்பிடாவது போடாமல், வாகனங்கள் தாண்டுவது அரிது. சின்னப் பிள்ளையோடு பயணம் போகிறவர்களுக்கு அது நல்ல தரிப்பிடமும் கூட. கால் நீட்டலாம், முகம் கழுவலாம், மர நிழலில் பிள்ளையைக் கொஞ்சம் ஓடவிடலாம். முறிகண்டியென்றால் கச்சான். வறுத்த கச்சானின் மணம் வீதிவரை வரும். ஆனால் முழுக் கச்சான் சின்னப் பிள்ளைகளின் மூச்சுக்குழாயில் சிக்கக்கூடியது. ஐந்து வயதுவரை அதை முழுதாகக் கொடுக்க வேண்டாம் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அம்மா ஒரு சரை கச்சான் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார். முள்ளியவளையில் போய் உரலில் இடித்துச் சர்க்கரை சேர்த்து உருண்டையாகக் கொடுத்தார். திருவிழாத் தின்பண்டம் எதுவென்றாலும் பிள்ளையின் வயதுக்கேற்ப மாற்றிக் கொடுக்க அம்மம்மாமாருக்கு ஒரு வழி தெரிந்தே இருக்கிறது.

மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு வீதி. ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இருபக்கமும் காடு; பாலை, வீரை, முதிரை. வைகாசி என்பதால் வழியில் சின்னப் பைகளில் பாலைப்பழம் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் நிறத்தில் மணிமணியாக இருக்கும் அந்தப் பழத்தை ஒருமுறை பிள்ளையின் கையில் கொடுத்துப் பாருங்கள். முதற்பழத்தை அவள் வாயில் வைத்துவிட்டு, பால் ஒட்டிய இரண்டு உதடுகளையும் பிரிக்க முடியாமல் கண்ணை அகலத் திறந்தாள். பிறகு விரல்களைச் சேர்த்துப் பிரித்து, சேர்த்துப் பிரித்து, அந்தப் பசையோடு ஒட்டுசுட்டான் வரை விளையாடிக்கொண்டே வந்தாள். கொட்டையை நான் எடுத்துவிட்டு, சதையை மட்டும் கொடுத்தேன்.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டோம். அருகில்தான் கற்சிலைமடு. 1803 ஒக்ரோபர் 31ஆம் திகதி பண்டாரவன்னியனைக் கப்டன் வொன் டிறிபேர்க் தோற்கடித்ததாக ஆங்கிலத்தில் பொறித்த நடுகல் நின்ற ஊர் அது. வென்றவர்கள் கல்லை நட்டார்கள். தோற்றவனின் கதையை இந்த மண்ணின் சனங்கள் மேடையில் வைத்தார்கள். முள்ளியவளை தந்த எழுத்தாளர் முல்லைமணி எழுதிய 'பண்டாரவன்னியன்' நாடகம் வன்னியில் ஊரூராக ஆடப்பட்டது. பாடப்புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பண்டாரவன்னியனை எங்கள் பிள்ளைகள் வாளோடும் தலைப்பாகையோடும் ஒரு கொட்டகையில் கண்டிருக்கிறார்கள். வரலாறு எங்கள் ஊர்களில் பிள்ளைகளின் காதுக்குள் போனது இப்படித்தான்: மணலில், பாயில், தாயின் மடியில் இருந்தபடி.

முள்ளியவளையில் பெரியம்மா வீட்டில் தங்கினோம். முல்லைமோடி என்று சொல்லப்படும் ஆட்டமுறை இந்தப் பகுதிக்கே உரியது. கோவலன் கூத்து இங்கே வெறும் பொழுதுபோக்காக ஆடப்படுவதில்லை. கண்ணகி அம்மனுக்குச் செய்யும் நேர்த்தியாகவும் ஆடுகிறார்கள். நாங்கள் போன சனிக்கிழமை பக்கத்து ஊர்க் கோயிலில் காத்தவராயன் கூத்து. வடக்கில் இதைச் சிந்துநடைக் கூத்து என்பார்கள். மாரியம்மனின் மகன் காத்தவராயன் ஆரியமாலையை விரும்பி, தாயின் சொல்லையும் மீறிப் போய், கடைசியில் கழுமரம் ஏறும் கதை. காத்தானின் வயது ஏற ஏற வேறு வேறு ஆட்கள் அந்தப் பாத்திரத்தை ஏற்று ஆடுவார்கள். முதலில் வரும் பாலகாத்தான் ஒரு சின்னப் பையன். கழுமரம் ஏறும்போது கிழக்கு வெளுத்துவிடும்.

விடியும்வரை இரண்டரை வயதுப் பிள்ளை இருக்குமா? இருக்க வேண்டியதில்லை. அன்று அவளுக்கு மதியம் நன்றாக நித்திரை கொள்ள விட்டோம். இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கே கொடுத்துவிட்டு, ஏழு மணிக்கே கூத்து நடக்கும் இடத்துக்குப் போய்விட்டோம். சின்னப் பிள்ளைக்குக் கூத்து தொடங்குவது, ஆட்டக்காரர் வேசம் கட்டத் தொடங்கும்போது. தென்னோலை மறைப்புக்குப் பின்னால் முகத்துக்கு அரிதாரம் பூசிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஐயா வாங்கில் இருந்து காலில் சதங்கை கட்டிக்கொண்டிருந்தார். முதலில் கணுக்காலில் ஒரு பழந்துணியை இரண்டு சுற்றுச் சுற்றினார். சதங்கையின் தோல்வார் உரசிப் புண்ணாகாமல் இருக்க. பிறகு வாரை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு, பாதத்தை ஒருமுறை நிலத்தில் தட்டிப் பார்த்தார். மகள் அவருக்கு முன்னால் குந்தி இருந்தாள். ஒரு விரலை நீட்டி, ஒரேயொரு மணியைத் தொட்டாள். அது சத்தம் போடவில்லை. ஐயா குனிந்து அவளைப் பார்த்து, "பிள்ளை தள்ளி நில்லுங்கோ, இப்ப கேக்கும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு காலையும் மாற்றி மாற்றி நாலு அடி வைத்தார். அவள் எழும்பி, அதே நாலு அடியை வெறுங்காலால் வைத்தாள். மத்தளக்காரர் அதைக் கண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டினார். பிறகு அவளை அங்கிருந்து கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

ஒலிபெருக்கிப் பெட்டிகள் இரண்டும் களரியின் முன்மூலைகளில் நின்றன. முன்னுக்குப் பாய் போட்டால் ஆட்டம் தெளிவாகத் தெரியும். பிள்ளையின் காது தாங்காது. வெளியிடத்தில் ஒலிப்பெட்டிக்கும் நமக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பாயைத் தூக்கிக்கொண்டு பின்னால் வேப்பமரத்தடிக்குப் போனோம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறவரோடு கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடம் பிள்ளைக்கு ஆகாது. இதை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. மரத்தடியில் இன்னொரு வசதியும் இருந்தது. தாழ்ந்த கிளையில் ஒரு தாய் சேலையைக் கட்டி ஏணை போட்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு பாயில் இன்னும் நாலைந்து சின்னன்கள். "தங்கச்சி, பிள்ளைய இஞ்சால விடுங்கோ, எங்கட பெட்டையோட இருக்கட்டும்" என்றாள் அவள். பத்து நிமிசத்தில் எங்கள் பிள்ளை அவர்கள் வீட்டுப் பிட்டைத் தின்றுகொண்டிருந்தது.

பாலகாத்தான் வந்தபோது அவள் எழும்பி நின்று பார்த்தாள். தன்னைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பையன், பொன்னிறச் சரிகை உடுப்போடு, இத்தனை சனத்துக்கு முன்னால் பாடுகிறான். அதில் அவளுக்குக் கதை விளங்கியதா என்று கேட்டால், இல்லை. ஆனால் பிற்பாட்டுக்காரர் இழுக்கும்போது இவளும் ஏதோ ஓர் எழுத்தை இழுத்தாள். சனம் சிரித்தபோது சிரித்தாள். மாரியம்மன் மகனைத் தடுத்து அழுதபோது, முன்வரிசைக் கிழவிகள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். மகள் களரியைப் பார்க்கவில்லை, அந்தக் கிழவிகளையே பார்த்தாள். பெரியவர்கள் ஒன்றாக இருந்து அழலாம், அழுதுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கலாம், பிறகு சிரிக்கலாம் என்பதைப் பிள்ளைக்கு வேறு எந்த இடத்தில் காட்ட முடியும்? பத்தரை மணிக்கு என் மடியில் சரிந்துவிட்டாள். அம்மா விடியும்வரை இருந்து கழுமரம் பார்த்துவிட்டு வந்தார். நாங்கள் பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விட்டோம். ஒன்று முதல் இரண்டு வயதுவரையான பிள்ளைக்கு நாளொன்றுக்கு 11 முதல் 14 மணிநேரமும், மூன்று நாலு வயதில் 10 முதல் 13 மணிநேரமும் நித்திரை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. பகல் நித்திரையும் அதில் அடக்கம். அரைக் கூத்துப் பார்த்தாலும் பிள்ளைக்கு அது முழுக் கூத்துத்தான்.

அம்மாவின் காலத்தில் கூத்துக்குப் பிள்ளை கொண்டுபோக இருந்த பெரிய பயம் மலேரியாக் காய்ச்சல். வன்னியில் அது வராத வீடில்லை. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. எங்கள் தலைமுறைத் தாய்மாருக்குக் கிடைத்த பெரிய நிம்மதி அது. டெங்கு இருக்கிறபடியால் நீளக் கையும் நீளக் காலும் உள்ள பருத்தி உடுப்பும், பிள்ளைகளுக்குரிய நுளம்புக் களிம்பும் இன்னும் தேவை. பாம்பும் உண்டு. நிலத்தில் படுக்கவைப்பதைவிட மடியிலோ ஏணையிலோ வைத்திருப்பது நல்லது. வெளிச்சம் இல்லாத பற்றைப் பக்கம் பிள்ளை ஓடினால் உடனே பின்னால் ஓட வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகளில் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும். இரண்டரை வயதுக்கு அந்தப் பலகை விளங்காது. அதை விளங்கிக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் பொங்கல். மறுநாள் திங்கட்கிழமை வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். வன்னிச் சனத்துக்கு ஆண்டின் நடுநாள் அதுதான். பாக்குத்தெண்டலோடு சடங்குகள் தொடங்கும். சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுத்து வந்து காட்டா விநாயகர் கோயிலில் வைத்து, அந்த நீரில் விளக்கேற்றுவார்கள். பொங்கலன்று அது மடைப்பண்டங்களோடு வற்றாப்பளைக்குப் போகும். உப்புநீரில் விளக்கெரியும் கோயில் என்று எல்லா ஊர்களிலும் வற்றாப்பளைக்குப் பெயர்.

இந்தக் கோயிலின் கதையை என் மகளுக்கு நான் இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மதுரையை எரித்த பிறகு கண்ணகி ஆற்றாமையோடு இலங்கைக்கு வருகிறாள். நந்திக்கடல் ஓரத்தில் ஒரு கிழவியாக வந்து இருக்கிறாள். அவளை முதலில் கண்டவர்கள் மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவர்கள். பசிக்கிறது என்கிறாள், சிறுவர்கள் பொங்கிக் கொடுக்கிறார்கள். பொழுதுபடுகிறது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல்நீரை ஊற்றுங்கள் என்கிறாள், விளக்கு எரிகிறது. தலையில் பேன் பார்க்கச் சொல்கிறாள். முடியை விலக்கினால் தலையெங்கும் கண்கள். பிறகு அவளைக் காணவில்லை. இந்த ஊரின் பெரிய தெய்வத்துக்கு முதல் பொங்கலைப் பொங்கியவர்கள் பெரியவர்கள் இல்லை, பிள்ளைகள். ஆகவே வற்றாப்பளைப் பொங்கலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோகலாமா என்ற கேள்விக்கு அந்தக் கதையே பதில் சொல்லிவிடுகிறது.

வெயில் தாழ்ந்த பிறகுதான் நாங்கள் போனோம். வழியெல்லாம் உழவு இயந்திரப் பெட்டிகளில் குடும்பம் குடும்பமாகச் சனம். பானை, விறகு, பாய், கிழவர், கைக்குழந்தை எல்லாம் ஒரே பெட்டியில். தூக்குக் காவடிகள் வந்துகொண்டிருந்தன. முதுகில் செடில் ஏற்றித் தொங்கும் ஆட்களைப் பிள்ளை பார்க்கவேண்டியதில்லை என்று நினைத்து நான் அவள் முகத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். சின்ன வயதுக்குப் பாற்செம்பும் கற்பூரச் சட்டியும் போதும். தண்ணீர்ப்பந்தலில் மோரும் சர்க்கரைத் தண்ணியும் கொடுத்தார்கள். தும்புமுட்டாஸ் கடைக்கு முன்னால் ஒரு சிறிய பிடிவாதம் நடந்தது; ஒரு துண்டோடு முடிந்தது.

மேளக்கச்சேரி தொடங்கியதும் அவள் கைகால் ஆட்டத்தை நிறுத்திவிட்டாள். ஈழத்துத் தவில் என்றால் தட்சணாமூர்த்தி (1933–1975) பெயரைச் சொல்லாமல் யாரும் பேச்சைத் தொடங்குவதில்லை. அந்தப் பரம்பரையின் பிடி இன்றும் வடக்குக் கோயில் வீதிகளில் இருக்கிறது. மற்ற வாத்தியத்தைக் காதால் கேட்கும் பிள்ளை, தவிலை வயிற்றால் கேட்கிறது. இரண்டு தவில்காரர் மாறி மாறி வாசித்தபோது அவள் ஒருவரிலிருந்து மற்றவருக்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் எப்போது தொடங்குவார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது போலவே இருந்தது. ஒலிவாங்கி இல்லாமலே தவிலுக்குப் பெரிய ஓசை. அதற்கு முன்னால் இரண்டு ஒலிவாங்கியும் வைத்து, கோபுரம் உயரத்துக்குப் பெட்டியும் அடுக்கினால் அது யாருக்காக? தூரத்தில் நின்று கேட்டபோதுதான் நாதஸ்வரத்தின் இழை தெளிவாகக் கேட்டது.

கச்சேரிக்கு நடுவில் ஒலிபெருக்கியில் ஓர் அறிவித்தல். நீலச் சட்டை போட்ட, நாலு வயது மதிக்கத்தக்க ஆண்பிள்ளை ஒன்று அழுதுகொண்டு நிற்கிறது; பெற்றோர் உடனே அலுவலகத்துக்கு வரவும். திருவிழாக்களில் வழமையான அறிவித்தல்தான். ஆனாலும் என் பக்கத்தில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்தினார்கள். கிளிநொச்சி கந்தசாமி கோயிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி பந்தல் போட்டு இருந்தார்கள். பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்தபடி அவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. வன்னியில் பிள்ளை தவறுவது என்ற சொல்லைச் சாதாரணமாகக் கேட்கும் காது எந்தத் தாய்க்கும் இல்லை. சிறிது நேரத்தில் மறுபடியும் ஒலிபெருக்கி: பிள்ளை தாயிடம் சேர்ந்துவிட்டது. யாரோ "அம்மாளாச்சி" என்றார். வீட்டிலிருந்து புறப்படும்போதே மகளின் சட்டைப் பைக்குள் இவருடைய தொலைபேசி இலக்கம் எழுதிய கடதாசியை வைத்திருந்தோம். அந்த அறிவித்தலுக்குப் பிறகு என் கையைவிட்டு அவளை நான் இறக்கவில்லை.

கோயிலுக்குப் பின்னால் நந்திக்கடல். 2009 மே மாதம் போர் முடிந்தது இந்த நீரேரியின் மறுகரையில். பொங்கல் வருவதும் பெரும்பாலும் அதே மாதத்தில்தான். அந்த ஆண்டு இந்தச் சனத்தில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளத்து முட்கம்பி முகாம்களுக்குள் இருந்தார்கள். அன்று மூன்று நாலு வயதாக இருந்தவர்கள் இன்று இளைஞர்கள். அவர்களுக்கு முதன்முதலில் தெரிந்த வெளியிரவு பதுங்குகுழியின் இரவு. சத்தம் என்றால் ஓடவேண்டும் என்று படித்த காதுகள் அவை. அதே மணலில் என் பிள்ளைக்குச் சத்தம் என்றால் தவில். இந்த வித்தியாசம் தானாக வந்ததில்லை. திரும்பி வந்து, காடாகிக் கிடந்த கோயில் வீதியைத் துப்புரவாக்கி, முதல் பொங்கல் பொங்கியவர்கள் தந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் கைமாற்றிக் கொடுக்கத்தான் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்கிறேன்.

திரும்பும்போது ஏ-35 வீதியால் வந்தோம். முல்லைத்தீவு நகரைத் தாண்டி, ஒடுங்கிய வட்டுவாகல் பாலம், பிறகு முள்ளிவாய்க்கால். வானை நிறுத்தி, இறங்கி, விளக்கேற்றிவிட்டு ஏறினோம். அம்மா அந்த இடத்தில் எதுவும் பேசுவதில்லை. புதுக்குடியிருப்பு தாண்டி விசுவமடுப் பக்கத்தில் இவருடைய அக்கா வீடு. அன்றிரவு அந்த ஊர்ச் சனசமூக நிலைய வளவில் பிள்ளைகளுக்குப் படம் போடுவதாகச் சொன்னார்கள்.

வன்னிக்குத் திறந்தவெளிப் படம் புதிதில்லை. தமிழ்நாட்டில் 1905இல் திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு படப்பொறியை வாங்கி ஊரூராகக் கொண்டுபோய்க் காட்டத் தொடங்கினார். டூரிங் டாக்கீஸ் என்ற பெரும் மரபு அங்கிருந்து வளர்ந்தது. எங்கள் டாக்கீஸ் வேறு விதமானது. 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடை, எரிபொருளும் பற்றரியும் கிடைப்பதே அரிது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்டார்கள். படம் ஓடுவதென்றால் ரீவி, டெக், ஜெனரேற்றர் மூன்றும் வாடகைக்கு வரவேண்டும். துளிப் பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். முற்றத்தில் ஊரே கூடியிருக்கும். நான் அப்பாவின் மடியில் இருந்து பார்த்த படங்கள் எவை என்று எனக்கு ஞாபகமில்லை. மண்ணெண்ணெய்ப் புகையின் மணமும், வெளிச்சம் விட்டு விட்டு வரும்போது சனம் எல்லாம் சேர்ந்து போட்ட கூச்சலும், அப்பாவின் கை என் வயிற்றைச் சுற்றி இருந்ததும் ஞாபகம்.

இப்போது வாசிகசாலைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, மேசையில் எறிவி வைத்துக் காட்டுகிறார்கள். படம் மிருகங்கள் பற்றிய ஒரு சின்னக் கார்ட்டூன். இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் திரை வேண்டவே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணிநேரத்துக்கு மேல் கூடாது என்று அதே 2019 வழிகாட்டி சொல்கிறது. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கைபேசியைப் பிடித்தபடி தனியே மூலையில் இருக்கும் பிள்ளையும், முப்பது நாற்பது பிள்ளைகளோடு மணலில் இருந்து ஒரே யானையைப் பார்த்துக் கூவும் பிள்ளையும் ஒரே காரியத்தைச் செய்யவில்லை. மகள் பாதி நேரம் திரையைப் பார்க்கவே இல்லை. எறிவியிலிருந்து போன வெளிச்சக் கற்றைக்குள் பூச்சிகள் பறப்பதைக் கண்டுவிட்டாள். கையை அதற்குள் நீட்டினாள். திரையில் ஒரு பெரிய கை விழுந்தது. பிள்ளைகள் எல்லாம் கத்திச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். படம் போட்ட தம்பி நல்லவர். படத்தை நிறுத்திவிட்டு, வெறும் வெளிச்சத்தைக் கொஞ்ச நேரம் விட்டார். அரைமணி நேரத்தில் நாங்கள் எழும்பிவிட்டோம்.

சுவிற்சர்லாந்தில் இருக்கும் என் சித்தியின் மகளோடு இதைப் பேசியபோது, அங்கே லொக்கார்னோ நகரத்துத் திரைப்பட விழாவைப் பற்றிச் சொன்னாள். 1946இல் தொடங்கிய விழா. ஓகஸ்ட் மாதத்தில் பியாற்சா கிராண்டே சதுக்கத்தில் ஏறத்தாழ 8,000 பேர் வானத்தின் கீழ் இருந்து படம் பார்க்கிறார்கள். அங்கே கோடைக் கச்சேரிகளுக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுவரும் தாய்மார், பிள்ளையின் தலையில் காதுக்கவசம் மாட்டிவிட்டுத்தான் இறக்குவார்களாம். அவள் எங்களுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறாள். அது நல்ல பொருள். ஆனால் வன்னியில் எல்லாத் தாய்மாருக்கும் அது வாய்க்காது. ஒலிப்பெட்டியின் திருகை ஒருவர் குறைத்தால், வளவில் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் காதுக்கவசம் போட்ட மாதிரி.

சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கிறது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி பாவிப்பதை 2007இல் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. விசேட நாட்களுக்குத் தனி அனுமதி வேண்டும். கேளிக்கை இடங்களில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. அது பெரியவர்களை வைத்துச் சொன்ன உச்ச எல்லை. பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவாகவே இருக்கவேண்டும்.

ஆகவே கோயில் பரிபாலன சபையாருக்கும், சனசமூக நிலையங்களுக்கும், இசைக்குழுக்களைக் கூப்பிடும் இளைஞர் கழகங்களுக்கும் என் வேண்டுகோள் இது. பெட்டிகளைச் சனத்தின் காதுக்கு நேரே வைக்காமல் உயர்த்தி வையுங்கள்; சத்தத்தைக் குறையுங்கள். பிள்ளைகள் பார்க்கக்கூடிய ஒரு நிகழ்ச்சியை ஆறரை ஏழு மணிக்கே தொடங்குங்கள். பிரமுகர் உரைகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பின்பக்கம் மரத்தடியில் ஓரிடத்தைக் கயிறு கட்டித் தாய்மாருக்கென்று ஒதுக்குங்கள். அதில் ஒரு குடம் கொதித்தாறிய தண்ணீரும், பாலூட்ட ஒரு மறைப்பும், ஒரு வெளிச்சமும் இருந்தால் போதும். மலசலகூடத்துக்குப் போகும் வழிக்கும் ஒரு விளக்குப் போடுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை.

தாய் தகப்பன்மாருக்கும் ஒரு சொல். விளங்காது என்று பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மதியம் நித்திரையாக்குங்கள், நேரத்தோடு சாப்பாடு கொடுங்கள், ஓரமாகப் பாய் விரியுங்கள், அது சிணுங்கத் தொடங்கியதும் எழும்பி வந்துவிடுங்கள். அடுத்த வைகாசிக்கு முன் பாக்குத்தெண்டல் சேதி கிடைத்தவுடன் பயணத்தை ஒழுங்கு செய்யுங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வற்றாப்பளைக்கு வாருங்கள்.